பக்கத்தில் நின்ற வேட்பாளர்

புவியியல் துறையில் இருந்த அந்த அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் சங்கு. ஆலைச் சங்கு ஊதினால் ஊர் முழுக்கக் கேட்குமே, அந்தச் சங்கு. மாடி அறையில் அவர் பருவக்காற்றைப் பற்றிப் பாடம் நடத்தினால் கீழே சைக்கிள் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு மனப்பாடம் ஆகிவிடும். பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்துகிறவர் முதல்வரிடம் போய் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். "சார், நான் போர்டுல கணக்குப் போடறேன், பசங்க நோட்டுல பாலைவனம்னு எழுதறாங்க." முதல்வர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். குரல் பெரிதாக இருப்பது ஆசிரியருக்கு நல்லது என்பது அன்றைக்கு அவருடைய கருத்து.

அது பிறவிக் குரல் இல்லை. காது போகப் போக ஏறிய குரல். தான் பேசுவது தனக்கே எட்டாததால் அவர் கொஞ்சம் கூட்டினார், அதுவும் எட்டாமல் போகவே இன்னும் கொஞ்சம் கூட்டினார். கல்லூரியில் இருந்த அத்தனை மேதைகளில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. திமிர் என்றார்கள். வயசாச்சு என்றார்கள். வீட்டில் புருஷனோடு கத்திக் கத்திப் பழகிவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். காது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. படித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அதே துறை, அதே அறை, எதிர் நாற்காலி. மெதுவாகப் பேசுவான், மெதுவாக நடப்பான், கதவைக்கூட அதற்கு வலிக்காமல் சாத்துவான். அதனால் அவனுக்குப் பஞ்சு என்று பெயர். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், ஆனால் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் மகளை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத் தாமதமாக வந்தார், அவன் படிப்பு முடித்த கையோடு வந்தான். ஆசிரியர் என்பதால் அவனுக்கும் 'அவர்' போட்டு எழுதுவதுதான் மரியாதை. எனக்கு மனம் வரவில்லை. சங்கு மேடத்துக்கு 'அவர்', பஞ்சுவுக்கு 'அவன்'. படிக்கிறவர்களுக்கும் குழப்பம் இருக்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மணி அடித்தும் அவர் எழுந்திருக்காமல் விடைத்தாள் திருத்திக்கொண்டே இருந்தார். பஞ்சு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "அக்கா, உங்க பை கீழ விழுந்திடுச்சு" என்றான். அவர் திரும்பவில்லை. இன்னும் ஒரு தரம் சொன்னான். பிறகு சுற்றி வந்து முன்னால் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி. வேலை போயிடும். எங்க வீட்டுல என் சம்பளம்தான் சோறு."

"என் உசிரு இருக்கற வரைக்கும் சொல்ல மாட்டேன்கா. கவலைய விடுங்க."

சொன்னபடியே இருந்தான் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மணி அடித்தால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவான், அந்த அதிர்வு அவர் முழங்கைக்குப் போய்ச் சேரும். ஆசிரியர் கூட்டத்தில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, முதல்வர் சொல்வதையெல்லாம் சத்தமில்லாமல் வாயசைத்துச் சொல்வான். அவர் அந்த உதடுகளைப் படித்துவிட்டு, கேட்டவர் மாதிரியே எழுந்து பதில் சொல்வார். இந்த ஏற்பாடு காதும் காதும் வைத்தாற்போல நடந்தது.

வீட்டு நிலைமை இது. கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் காலையில் மனைவியின் துணிகளை இஸ்திரி போடுவது, மாலையில் மனைவியோடு சண்டை போடுவது என்று இரண்டு வேலைகளை ஒழுங்காகச் செய்துவந்தார். மனைவியைக் கூப்பிட வேண்டுமானால் விளக்கு சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவார். மகள் புருஷனோடு ஒத்துவராமல் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். பேத்திதான் பாட்டிக்குப் பெரிய வேதனை. பெரியவர்களின் வாய் படிக்கக் கிடைக்கும். குழந்தையின் வாய் இன்னும் சொல்லுக்கு வளையாத வாய். அது கொஞ்சிக் கொஞ்சி ஏதோ சொல்லும், வீடே சிரிக்கும், இவர் எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சிரிப்பார்.

காதுக்கு மெஷின் வாங்கவில்லையா என்று கேட்பீர்கள். வாங்கினார். ஒரே ஒரு நாள் கல்லூரிக்கு மாட்டிக்கொண்டும் போனார். பெஞ்சு நகர்த்துகிற சத்தம் மண்டைக்குள் ரம்பம் போட்டது. அதைவிட, முன் வரிசைப் பெண் ஒருத்தி அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடல் தகுதி இல்லாதவர்களை நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று வேலை உத்தரவிலேயே ஒரு வரி உண்டு. அடுத்த மணிக்கு மெஷின் கைப்பைக்குள் போய்விட்டது.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் நிர்வாகம் கல்லைப் போட்டது. புவியியலுக்குப் பிள்ளைகள் சேர்வதில்லை, அடுத்த வருடத்திலிருந்து ஒரு ஆசிரியர் போதும் என்றார்கள். இரண்டு பேரில் ஒருவர் போக வேண்டும். வழக்கமாகப் பின்னால் சேர்ந்தவர் போவார். இங்கே இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஆகவே முதல்வர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர் போக வேண்டியதுதான். தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஆசிரியர் சங்கத்தின் குழுவில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு இடம் உண்டு. கல்லூரி ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து அதற்கு ஓட்டுப் போடுவார்கள். குழுவில் இருக்கிறவரைப் பதவிக்காலமான மூன்று வருடத்துக்கு நிர்வாகம் தொடக்கூடாது என்று பழைய ஒப்பந்தம். சங்கு மேடம் ஓய்வு பெறவும் சரியாக அந்த மூன்று வருடம்தான் பாக்கி. ஜெயித்தால் கரை சேர்ந்துவிடலாம்.

அவர் மனுக் கொடுத்தார். மறுநாள் பஞ்சுவும் கொடுத்தான்.

"அக்கா, நானும் நிக்கறேன்கா. எனக்கு வேற வழி தெரியல."

"நில்லு தம்பி. யார் ஜெயிச்சாலும் நம்ம ரூமுக்குத்தானே பெருமை." சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வழக்கம்போல அவன் பக்கம் பாதி தள்ளினார். வழக்கம்போல அவனும் சாப்பிட்டான்.

இந்தக் கல்லூரிச் சங்கத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. ஒரு காலத்தில் இரண்டு வேட்பாளர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் கண்டபடி பேசி, கடைசியில் ஒருவர் மற்றவரைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டி, மாணவர்கள் வந்து கதவை உடைக்கும்படி ஆகிவிட்டது. மானம் கப்பலேறிய பிறகு சங்கம் ஒரு விதி போட்டது. போட்டியிடுகிறவர்கள் தனித்தனியாகப் போய் ஓட்டுக் கேட்கக்கூடாது. ஒன்றாகத்தான் ஒவ்வொரு துறைக்கும் போக வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எதிராளியைத்தான் அறிமுகப்படுத்த வேண்டும், அதுவும் நல்லதை மட்டும் சொல்லி. விதி மீறாமல் பார்த்துக்கொள்ள நூலகர் கூடவே போவார். அந்த வருடத்து நூலகர் விதியின் எழுத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத மனிதர். புத்தகத்தின் அட்டை கிழியாமல் இருந்தால் போதும் அவருக்கு, உள்ளே பக்கம் இருக்கிறதா என்று புரட்டமாட்டார்.

முதலில் வணிகவியல் துறை. துறைத் தலைவி எல்லோரையும் உட்காரவைத்தார். சங்கு மேடமும் பஞ்சுவும் சுவரோரமாக, கூட்டத்தைப் பார்த்தபடி, தோளோடு தோள் நின்றார்கள். நூலகர் பஞ்சுவுக்குத் தலையசைத்தார்.

இனி நடந்ததைக் கவனமாகப் பாருங்கள். எதிரே நிற்கிறவனின் வாயை அவர் படிப்பார். பக்கத்தில் நிற்கிறவனின் வாயை எப்படிப் படிப்பது? தன்னைப் புகழும்போது திரும்பி அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? கையைக் கூப்பிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். பஞ்சுதானே பேசுகிறான், நல்லதைத்தானே பேசுவான்.

"அக்காவப் பத்தி என்ன சொல்றதுன்னே தெரியல" என்று பஞ்சு ஆரம்பித்தான். "அவ்வளவு கஷ்டத்துலயும் ஒரு கிளாஸ் விட்டவங்க இல்ல. அவங்களுக்குக் காது..." அங்கே நிறுத்தினான். அந்த இடத்தில் அது வாய்தவறி வந்ததா, வரவழைத்ததா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நிறுத்தியவன் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தான். அவர் கூப்பிய கை இறங்காமல் புன்னகையோடு நின்றார். அவன் தொடர்ந்தான். "காது சுத்தமா கேக்காது. மூணு வருஷமா. ஒருத்தர்கிட்டயும் வெளிய சொல்லல. அப்படியே சமாளிச்சுப் பாடம் எடுக்கறாங்க. அந்த மனசு யாருக்கு வரும்?"

அறையில் எல்லோருடைய முகமும் இளகியது. அடடா என்று சிலர் தலையாட்டினார்கள். கேட்காதவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே இருப்பவர்கள் சிரித்தால் சிரிப்பார்கள், தலையாட்டினால் தலையாட்டுவார்கள். அதில் மூன்று வருடத் தேர்ச்சி பெற்றவர் சங்கு மேடம். எல்லோரும் தலையாட்டியதைப் பார்த்து அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அடக்கமாக, கொஞ்சம் கூச்சத்தோடு.

நூலகர் கணக்கில் விதி மீறப்படவில்லை. கெட்டது எதையும் பஞ்சு பேசவில்லையே.

அடுத்து சங்கு மேடத்தின் முறை. "தம்பி இல்லாட்டி நான் இல்ல!" என்று ஜன்னல் கண்ணாடி அதிரச் சொன்னார். "எனக்கு ஒரு கஷ்டம்னா மொதல்ல வந்து நிக்கறவரு இவருதான். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை! பெத்த அம்மாவப் பாத்துக்கற மாதிரி என்னப் பாத்துக்கறாரு!" உள்ளத்திலிருந்து வந்த பேச்சு அது. கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சு சொன்னதற்கு அவரே முத்திரை குத்திவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு துறையாகப் போனார்கள். பஞ்சு தேறிக்கொண்டே வந்தான். வரலாற்றுத் துறையில் 'காது' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு சேர்ந்தது. இயற்பியலில் குரல் தழுதழுத்தது. விலங்கியலுக்குப் போனபோது, பேசத் தொடங்கும் முன் அரை அடி பின்னால் தள்ளி நின்றுகொள்ளவும் கற்றுக்கொண்டுவிட்டான், அவர் தற்செயலாகத் திரும்பினாலும் அவன் வாய் தெரியாது. கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவனுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எல்லாத் துறையிலும் எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லாத் துறையிலும் அவரும் தலையாட்டினார்.

கல்லூரி அவரிடம் திடீரென்று அன்பாக மாறியது. வழியில் பார்ப்பவர்கள் நின்று, நேராக முகத்தைப் பார்த்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்கள். "மே-டம், சாப்-டா-ச்சா?" எல்லாமே அவருக்குப் புரிந்தது. மூன்று வருடமாக இவ்வளவு பேச்சு அவருக்குக் கிடைத்ததே இல்லை. முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. அவர் திரும்பிக்கொண்டதும் அதே ஆட்கள் அதே இடத்தில் நின்று அவரைப் பற்றிப் பேசினார்கள். இதற்கு முன்னால் ஒருவரைப் பற்றிப் புறம் பேச வேண்டுமானால் அவர் போகும்வரை காத்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும். இப்போது அந்தச் சிரமம் இல்லை. "பாவம், அதான் அப்படிக் கத்துது." "நல்லவேளை, நான் ஒரு நாள் பின்னாடி நின்னு திட்டினேன், கேட்டிருக்காது." சிரிப்பு. அவர் ஒரு கை தூரத்தில் குடிநீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வீட்டில் மகளிடம் பெருமையாகச் சொன்னார். "எல்லாரும் நின்னு மூஞ்சியப் பாத்துப் பேசறாங்கடீ. எனக்கே காது கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கு. ஓட்டு கண்டிப்பா விழும்."

மகளுக்கு அது சரியாகப் படவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள். "ஏம்மா, விஷயம் யாருக்காவது தெரிஞ்சிருக்குமோ? இல்லேன்னா ஏன் எல்லாரும் திடீர்னு அப்படிப் பேசறாங்க?"

"யாருக்குத் தெரியும்? பஞ்சுவுக்குத் தெரியும். அவன் செத்தாலும் சொல்ல மாட்டான்."

"அவரும் உனக்கு எதிரா நிக்கறாரும்மா."

"அதுக்கு? நின்னா? வாய்க்கு வந்ததப் பேசாதடீ." அவர் போட்ட சத்தத்தில் குழந்தை அழுதது. கணவர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுச் சண்டையை நிறுத்தினார்.

செய்தி முதல்வர் அறைக்குப் போகாமல் இருக்குமா? தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் சங்கு மேடத்தைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். மேசைமேல் இருந்த கோப்பு ஒன்றை எடுத்துப் படிப்பவர் மாதிரி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கோப்புக்குப் பின்னால் இருந்து, "இன்னிக்கு என்ன கெழமை மேடம்?" என்று கேட்டார்.

கோப்புக்குக் கீழே தொண்டை அசைந்ததில், முதல்வர் ஏதோ பேசுகிறார் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. எதிரே வாயசைத்துச் சொல்லப் பஞ்சு இல்லை. தேர்தல் சமயம், வாழ்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று கணக்குப் போட்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார். எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

கோப்பு இறங்கியது. முதல்வர் சிரித்தார். "சரி, போயிட்டு வாங்க" என்று நன்றாகத் தெரியும்படி வாயசைத்துச் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். முதல்வரே நம் பக்கம் என்று பஞ்சுவிடம் சொன்னார். பஞ்சு தலையைக் குனிந்துகொண்டு விடைத்தாள்களை அடுக்கினான்.

ஓட்டெடுப்பு பொது அரங்கத்தில் நடந்தது. எண்ணி முடித்ததும் நூலகர் கரும்பலகையில் எழுதினார், ஆகவே முடிவு தெரிய சங்கு மேடத்துக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. பஞ்சுவின் பெயருக்கு எதிரே பெரிய எண். அவருடைய பெயருக்கு எதிரே ஒரு ஒற்றை இலக்கம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பின் வரிசையில் யாரோ, "சங்குக்கே சங்கு ஊதியாச்சு" என்றார். முன் வரிசைவரை சிரிப்பு ஓடியது.

அவர் நேராக வணிகவியல் தலைவியிடம் போனார். "நீங்க எனக்குத்தான்னு சொன்னீங்களே. கையப் புடிச்சுச் சொன்னீங்களே."

அந்தத் தலைவி கெட்டவர் இல்லை. அதுதான் விஷயமே. அவர் சங்கு மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உங்க நல்லதுக்குத்தான் மேடம். கமிட்டி மீட்டிங்ல பத்துப் பேரு ஒரே நேரத்துல பேசுவாங்க. கேக்காம நீங்க எப்படி சமாளிப்பீங்க? இந்தக் கஷ்டத்தோட இவ்வளவு நாள் ஓட்டினதே பெரிசு. இனிமே வீட்டுல நிம்மதியா இருங்க."

"யாரு சொன்னது?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? பஞ்சு சார்தான் எல்லா டிபார்ட்மெண்ட்லயும் எவ்வளவு உருக்கமா சொன்னாரு. நீங்களும் பக்கத்துலயே நின்னு ஆமாம்னு தலையாட்டினீங்களே."

அவர் மனசுக்குள் ஒவ்வொரு துறையும், ஒவ்வொரு சுவரும், தான் ஆட்டிய ஒவ்வொரு தலையாட்டலும் வரிசையாக வந்து போயிருக்க வேண்டும். வெளியே ஒன்றும் தெரியவில்லை. கைகளை மட்டும் தலைவியின் பிடியிலிருந்து உருவிக்கொண்டார்.

விதிப்படி தோற்றவர்தான் வென்றவரைக் கடைசியாக ஒரு முறை சபைக்கு அறிமுகப்படுத்த வேண்டும். நூலகர் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார். மறுபடியும் தோளோடு தோள். பஞ்சு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கையில் மைக்கைக் கொடுத்தபோது, இவருக்கு எதற்கு மைக் என்று யாரோ சொல்ல, ஒரு சிறிய சிரிப்பு எழுந்து அடங்கியது.

"இவருக்கு ரொம்ப நல்ல குரல்" என்றார் சங்கு மேடம். அன்றைக்குத்தான் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "ஊருக்கே கேக்கும். பக்கத்துல நிக்கறவங்களுக்கு மட்டும்தான் கேக்காது."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. தன்னைத்தானே கேலி செய்துகொள்கிற பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றும் தட்டினார்கள். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று பஞ்சுவும் சிரித்தான். திறந்திருந்த அத்தனை வாய்களையும் அவர் வரிசை வரிசையாகப் பார்த்தார், பிறகு மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பணிநீக்க உத்தரவு அடுத்த வாரம் வந்தது. பழைய ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. ஒரு ஆசிரியரை வெளியே அனுப்புவதானால், உத்தரவை அலுவலக ஆள் கொண்டுவந்து வீசிவிட்டுப் போகக்கூடாது. அந்தத் துறையின் குழு உறுப்பினர் நேரில் போய் வாசித்துக் காட்ட வேண்டும். ஆசிரியர்களின் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காகச் சங்கம் ஒரு காலத்தில் போராடி வாங்கிய உரிமை அது. குழு உறுப்பினராகப் பஞ்சு செய்த முதல் வேலை இதுதான்.

அவர் புவியியல் அறையில் சுவரிலிருந்து வரைபடங்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். பஞ்சு வந்து கதவைச் சாத்தினான், வலிக்காமல். அவருக்கு எதிரே நின்று, காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தான். வேகமாக வாசித்து முடித்துவிட்டுக் காகிதத்தை நீட்டினான்.

அவர் அதை வாங்கவில்லை. முதலில் போய்க் கதவை அகலத் திறந்து வைத்தார். வராந்தாவில் வணிகவியல் தலைவியும் இன்னும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள், மாணவர்கள் சிலரும் இருந்தார்கள். அவர் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பேப்பர எறக்கு தம்பி. வாய் தெரியணும்."

"அக்கா, அதான் படிச்சிட்டேனே. நீங்களே ஒரு தடவ பாத்துக்கங்களேன்."

"நீ படிக்கணும்னுதானே ரூல்ஸு. எனக்குப் புரியற மாதிரி படி. அவங்களுக்கும் கேக்கட்டும், சத்தமா படி."

பஞ்சு நூலகரைத் தேடினான். இந்த நேரத்தில் அவர் ஏன் வரப்போகிறார்? காகிதத்தை மார்புக்கு இறக்கிக்கொண்டு ஆரம்பித்தான். துறையில் ஒரு பணியிடம் குறைக்கப்படுவதாலும் என்று வந்தது. உடல் தகுதிக் குறைபாடு உறுதி செய்யப்பட்டதாலும் என்று வந்தது. அதற்கு அடுத்த வரியில் அவன் நின்றான்.

"படி."

"...மேற்படி குறைபாட்டை சக வேட்பாளர் பல துறைகளில் அறிவித்தபோது, மேற்படி ஆசிரியை உடனிருந்து தலையசைத்து ஒப்புக்கொண்டதாலும்..."

"அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ."

படித்தான். வராந்தாவில் ஒருவரும் நகரவில்லை.

"இன்னொரு தடவ."

அவர் முழங்கையை மேசைமேல் ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை படிக்கும்போது பஞ்சுவின் குரல் உடைந்துவிட்டது. வெளியே நிற்பவர்களுக்கு வெறும் காற்றுத்தான் கேட்டது. சங்கு மேடத்துக்கு அது எட்டவில்லை. உதடுகள் ஒழுங்காகத்தான் அசைந்துகொண்டிருந்தன.

"இன்னொரு தடவ" என்றார்.